பிழை காதிலா, தமிழிலா?

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் என்னுடைய கோட் ஒன்றைப் பஸ்ஸில் கழற்றி வைத்துவிட்டு, மறந்துபோய் இறங்கிவிட்டேன். நான் இருக்கும் இந்த வட இங்கிலாந்துச் சிறு நகரத்தில், பயணிகள் தவறவிடும் பொருட்களைச் சேர்த்து வைக்கப் பஸ் நிலையத்தில் ஓர் அறை உண்டு. மறுநாள் அங்கே போய், கண்ணாடிக்கு அப்பால் இருந்த மனிதரிடம், எழுவாய் பயனிலை பிசகாத ஆங்கிலத்தில் என் கோட் பஸ்ஸில் தவறிவிட்டது என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கோட்?" என்று கேட்டார். "ஓம், கோட்" என்றேன். "என்ன நிறம்?" "மண்ணிறம்." "கழுத்தில் கயிறு கிடந்ததா?" "கயிறு இல்லை. இடுப்பில் ஒரு பட்டி இருக்கிறது. முன்பக்கம் பெரிய பொத்தான்கள்." மனிதர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து அறையில் இருந்தவரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் தன் சட்டையைப் பிடித்துக் காட்டி ஒன்று, தலையில் இரண்டு விரலைக் கொம்புபோல வைத்துக் காட்டி மற்றது என்று அவர் விளக்கிய பிறகுதான் விசயம் விளங்கியது. நான் கேட்டுப் போனது குளிருக்குப் போடுகிற கோட். அவர் காதில் விழுந்தது ஆடு.

இதை உங்களுக்கு எழுதிக்காட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஆட்டையும் கோட் என்றுதான் எழுதவேண்டும், உடுப்பையும் கோட் என்றுதான் எழுதவேண்டும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு க. அந்த மனிதரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நெல்லியடிச் சந்தையால் வருகிற மினிபஸ்ஸில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நிறத்துக்காரி ஒருத்தி வந்து ஆட்டைத் தொலைத்துவிட்டேன் என்றதும், இந்த மனிதர் துரத்தாமல், என்ன நிறம், கயிறு உண்டா என்று கேட்டாரே, அந்தப் பண்பை என்னவென்று சொல்ல! கோட்டும் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தப் பஸ் நிலையப் பக்கம் தலைகாட்டாமல் இருக்கிறேன்.

நான் ஆங்கிலம் படித்தது நல்லூரில், கோயிலின் பின்பக்க வீதியில் இருந்த ஒரு ரியூசன் கொட்டிலில். தகரக் கூரை, நீட்டு வாங்கு, வாசலில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த சைக்கிள்கள். படிப்பித்த சேர் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் கொப்பியில் எழுதுவோம். இறந்தகாலம், நிகழ்காலம், செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாம் கரைத்துக் குடித்தோம். பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பசுக்குப் போனபோதும் பெரிய பெரிய ஆங்கிலப் புத்தகங்களை வாசித்துச் சோதனை பாஸ் பண்ணினேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் சத்தம் போடாத பிள்ளை. பலகையில் இருக்கும், கொப்பியில் இருக்கும், வாய் திறக்காது. கலியாணம் கட்டி இங்கே வந்து இறங்கியபோதுதான் அந்தப் பிள்ளைக்கு வாய் இருக்கிறது என்று தெரிந்தது. அதுவும் என்ன வாய்! விமான நிலையத்தில் கேட்ட முதல் கேள்வியே எனக்கு விளங்கவில்லை. வெட்கத்தில் அழுகை வந்தது.

இங்கே மாலையில் நடக்கும் ஆங்கில வகுப்பு ஒன்றுக்குக் கொஞ்சக் காலம் போனேன். ஒரு நாள் ரீச்சர் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைத் தன் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடித்தா. 'பின்' என்று ஊசியைச் சொன்னா. கடதாசி துள்ளியது. 'பின்' என்று குப்பை வாளியைச் சொன்னா. கடதாசி அசையவே இல்லை. எங்களையும் சொல்லச் சொன்னா. நான் ஊசியைச் சொன்னேன், கடதாசி செத்துக் கிடந்தது. குப்பை வாளியைச் சொன்னேன், அப்போதும் செத்துக் கிடந்தது. அட கோதாரி! இவர்கள் கேட்பது எழுத்தை அல்ல, மூச்சை. சொல்லுக்கு முன்னால் வருகிற ஒரு சின்ன ஊதலை வைத்துத்தான் ஊசியையும் குப்பை வாளியையும் பிரிக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தெரிந்த தமிழ்ச் சொல்லெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பாம்பு என்றேன். முதல் பா ஒருமாதிரி, கடைசிப் பு வேறுமாதிரி! ஒரே எழுத்து என்று நினைத்து இவ்வளவு காலமும் இரண்டு சத்தத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் வாய்க்குத் தெரிந்தது என் காதுக்குத் தெரியவில்லை. அந்த ஆச்சரியத்தில் பாம்பு பாம்பு என்று நான் சொல்லிக்கொண்டு நிற்க, என் கணவர் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடி வந்தார்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகிற கதை. சிரிக்க முடியாத கதை எங்கள் மகள் ஆரணி பள்ளிக்கூடம் போன பிறகு வந்தது. அவளுக்கு ஐந்து வயது, ஒரே பிள்ளை. வீட்டில் முழுக்கத் தமிழ்தான். ஒரு நாள் ரீச்சர் பலகையில் ஏதோ வரைந்துவிட்டு, பார்த்து வரையுங்கள் என்பதற்காக 'கொப்பி' என்று சொல்லியிருக்கிறா. எங்கள் பிள்ளை எழும்பிப் போய், விளையாட்டுச் சமையலறையிலிருந்து ஒரு கோப்பியைக் கொண்டுவந்து ரீச்சரின் கையில் கொடுத்திருக்கிறாள். வெறும் பிளாஸ்ரிக் குவளை. சூடு, கவனம் என்று வேறு சொன்னாளாம்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு இதில் என்ன நடந்தது என்று உடனே விளங்கும். நாங்கள் எழுதுவது கொப்பி, குடிப்பது கோப்பி. ஒன்று குறில், மற்றது நெடில், அவ்வளவுதான். இவர்களுக்கோ இரண்டுமே குறில். வித்தியாசம் நடுவில் இருக்கிறது: ஒன்றுக்கு உதடு மூடித் திறக்கும், மற்றதுக்குப் பல்லும் உதடும் தொட்டுக் காற்றுச் சீறும். எங்கள் வீட்டில் அந்தச் சீறலுக்கு இடமில்லை. காலையில் கோப்பி, பின்னேரம் போன், கோடையில் காற்றுக்குப் பான். ஆனால் ரீச்சர் சொன்னது அது மட்டுமல்ல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை, பக்கத்தில் நின்று சொன்னால்தான் கேட்கிறாள், காதைக் காட்டுவது நல்லது என்றா. அவர்கள் கூப்பிடுகிற 'அறானி' அவளுடைய பேரே இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்பவ ஒரு இளம் பெண், பேர் கிளேர். அவ எங்களைக் கூட்டிக்கொண்டு போன அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு, கதவு குளிர்சாதனப் பெட்டிக் கதவுபோல. கதவு மூடியதும் உலகம் நின்றுபோய்விட்டது. அப்படியொரு அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எங்களூரில் அமைதி என்றால் அதற்குள் ஒரு காகம், ஒரு மோட்டார்ச் சைக்கிள், தூரத்து லவுட்ஸ்பீக்கர் இருக்கும். இங்கே என் தொண்டையில் எச்சில் இறங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. இந்த நாட்டுக்காரர் ஒரு சின்னப் பிள்ளையின் காதுக்காக இப்படியொரு அமைதியைக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

மேசையில் விளையாட்டுச் சாமான்கள் இருந்தன: மரம், பூட்டுத் திறப்பு, தாரா வாத்து, கோப்பை, குதிரை, வீடு, ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு மனிதன். ஆங்கிலத்தில் இவை சோடி சோடியாக ஏறக்குறைய ஒரே சத்தம். கிளேர் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்து ஒவ்வொன்றாகக் கேட்டா. ஆரணி முதலில் சரியாகத் தொட்டாள். சத்தம் குறையக் குறைய மரத்தைக் கேட்கத் திறப்பைத் தொட்டாள், குதிரையைக் கேட்க வீட்டைத் தொட்டாள். பிறகு தொடாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? எனக்கும் அவை ஒன்றாகத்தான் கேட்டன. என் பிள்ளையின் காது பிழையா, என் காதைத்தான் அவள் கொண்டு வந்திருக்கிறாளா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கிளேர் காதுக்குள் ஒரு சின்னக் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி இருக்கலாம், சளி பிடித்துத் தடிமன் வந்த பிள்ளைகளுக்கு இப்படி வரும், மூன்று மாதத்தால் திரும்பப் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் காதுக்குக் கருவி போடுவதைப் பற்றிக் கதைப்போம் என்றா. நான் 'தாங்க் யூ' சொன்னேன்.

பள்ளிக்கூட வாசலில் எங்கள் ஆக்களில் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், விசயத்தைக் கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டா. "காதிலை ஒண்டும் இல்லை அக்கா. நீங்கள் தமிழ் கதைச்சுப் பிள்ளையைக் குழப்பிப் போட்டியள். எங்கடை வீட்டிலை இங்கிலிஷ் மட்டும்தான். பாருங்கோ, என்ரை பிள்ளையளுக்கு ஒரு கரைச்சலும் இல்லை." வீட்டுக்கு வந்து கணவருக்குச் சொன்னேன். அவர், "கொஞ்ச நாளைக்குத்தானே. விட்டுப் பாப்பமே. பிறகு, நாங்கள் செய்யேல்லை எண்டு இருக்கக்கூடாது" என்றார். "அப்ப தமிழாலைதான் எண்டுறியளோ?" என்று நான் பாய்ந்தேன். "நான் அப்பிடிச் சொல்லேல்லை. சும்மா என்னிலை ஏறாதையும்" என்றார். காதிலே பிழை என்றால் கருவி. தமிழிலே பிழை என்றால் தமிழை விடவேண்டும். இந்த இரண்டில் எது வந்தாலும் நல்லது என்று எந்தத் தாயால் நேர்த்தி வைக்க முடியும்? எதைக் கேட்பதென்று தெரியாமல் நான் நல்லூரான் முருகனை வெறுமனே கூப்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினோம். அந்த ஆங்கில வீடு ஒரு கூத்து. எனக்கு அரசியலமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதத் தெரியும். ஒரு பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சத் தெரியாது. என்ரை குஞ்சு என்பதற்கு என்ன சொல்வது? கோழிக்குஞ்சு என்றா? சோற்றைக் குழைத்துத் தீத்தும்போது ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று சொல்வதற்கு என்ன சொல்வது? ஏசவும் முடியவில்லை. ஏச வேண்டிய சொல்லைத் தேடி எடுப்பதற்குள் கோபம் ஆறிவிடும். கணவர் வேலைத்தளத்தில் பேசுகிற மாதிரி, 'எக்ஸ்கியூஸ் மீ ஆரணி' என்று பிள்ளையை விலத்திக்கொண்டு போவார். ஆரணி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். நாளாக நாளாக அவளுடைய கதையும் குறைந்தது. கேட்காததால் கதைக்கவில்லையா, கேட்பதற்கு வீட்டில் ஒன்றும் இல்லாததால் கதைக்கவில்லையா என்று எனக்குப் பயம் பிடித்தது.

பள்ளிக்கூட விடுமுறை வந்ததும் நல்லூர்த் திருவிழாவுக்கு நானும் மகளும் ஊருக்குப் போனோம். என் தங்கை நிலா கோயிலுக்குப் பக்கத்திலே இருக்கிறாள், ஸ்போக்கின் இங்கிலிஷ் வகுப்பு நடத்துகிறாள். வெளிநாட்டுக்குப் போக இருக்கிறவர்கள், வங்கியில் வேலை கேட்கிறவர்கள் என்று பின்னேரமானால் வீட்டு முன்விறாந்தை நிறைந்துவிடும். நான் விமானத்தால் வந்து இறங்கிய அன்றே, நிலாவின் முன்னால் பிள்ளையோடு ஆங்கிலத்தில் கதைத்தேன். அவள் தேத்தண்ணிக் குவளையை அப்படியே கீழே வைத்தாள். "அக்கா, உனக்கென்ன விசரோ? ஆர் உனக்கு உந்தப் புத்தி சொன்னது?" நான் எல்லாவற்றையும் அழுதழுது சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "உன்ரை இங்கிலிஷைக் கேட்டால் எனக்கே காது அடைக்குது, பிள்ளை என்ன செய்யும்?" என்றாள். பிறகு ஆரணியைத் தூக்கிக்கொண்டு, "வாங்கோ குஞ்சு, சித்தியோடை தமிழிலை கதையுங்கோ, கொம்மா கிடக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளில் பிள்ளைக்கு வாய் திறந்தது. வெயிலில் திரிந்து, ஐஸ்கிறீம் குடித்து, மேளத்துக்குக் கிட்ட நின்று, தடிமனும் போன இடம் தெரியவில்லை. கதை கதை என்று கதைத்தாள். இரவில் அவள் வாய் பார்த்துக்கொண்டே நான் நித்திரையாகிப் போவேன்.

அங்கேதான் அது நடந்தது. நிலா ஒரு பின்னேரம் வகுப்பில் 'வெஸ்ட்' என்று இரண்டு சொற்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். ஒன்று உள்ளே போடுகிற பெனியன், மற்றது மேற்குத் திசை. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் சேர்ந்து வெஸ்ட், வெஸ்ட் என்று கத்தினார்கள். ஓரத்தில் இருந்த ஆரணி எழும்பி, "சித்தி, நீங்கள் ரெண்டுக்கும் ஒண்டைத்தான் சொல்லுறியள்" என்றாள். விறாந்தை கொல்லென்று சிரித்தது. நிலாவும் சிரித்தாள். பிள்ளையைத் தூக்கி மேசையில் ஏற்றி, "அப்ப நீங்கள் சொல்லுங்கோ மிஸ்" என்றாள். ஆரணி கீழுதட்டைப் பல்லால் தொட்டு ஒன்றைச் சொன்னாள். முத்தம் கொடுக்கிற மாதிரி உதட்டைக் குவித்து மற்றதைச் சொன்னாள். எல்லோரும் அவளைப் பார்த்து உதட்டைக் கடித்தார்கள், உதட்டைக் குவித்தார்கள். வங்கிக்குப் போக இருந்த ஒரு அண்ணை, "மிஸ், இன்னொருக்கா" என்று கையை உயர்த்தினார். எனக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்தது. பிள்ளைக்குக் கேட்கிறது என்று துள்ளப் பார்த்தேன்.

துள்ளவில்லை. ஏனென்றால் அவள் சொன்ன இரண்டும் என் காதில் ஒன்றாகத்தான் விழுந்தன. அவளுடைய உதட்டில் கண்ட வித்தியாசத்தைத்தான் நான் கண்டேன். கண்டேன், கேட்கவில்லை. அடுத்த கணம் எனக்குக் குளிர் பிடித்தது, அந்த ஆடி வெயிலில். அவளும் அப்படித்தான் என்றால்? இவ்வளவு காலமும் என் பிள்ளை எங்களைக் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்தே கதைத்திருந்தால்? கிட்ட நின்று சொன்னால் கேட்கிறாள் என்று ரீச்சர் சொன்னாவே. கிளேர் அட்டையால் வாயை மறைத்தபோதுதானே அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நிலா, பிள்ளை வாயைப் பாக்கிறாளடி" என்றேன். தங்கை பிள்ளையை மேசையிலிருந்து தூக்கி இறக்கினாள். தேர் அன்று சனத்துக்குள் நின்று கும்பிட்டபோது, ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த கிழமை கிளேரிடம் போனோம். காதுக்குள் குழாயை வைத்ததும் திரையில் ஒரு கோடு மலைபோல எழும்பி இறங்கியது. "நீர் வற்றிவிட்டது, செவிப்பறை நன்றாக ஆடுகிறது" என்றா. ஆனால் அது கதவுதான், உள்ளே என்ன போகிறது என்று இனித்தான் பார்க்கவேண்டும் என்றா. திரும்பவும் அதே விளையாட்டுச் சாமான்கள், அதே அட்டை. இந்த முறை நிறையச் சரி. ஆனாலும் மிக மெல்லிய சத்தத்தில் இரண்டு சோடிகளில் தடுமாறினாள். கிளேர் யோசித்துக்கொண்டு, "வீட்டில் என்ன மொழி?" என்று கேட்டா. நான் நிமிர்ந்து இருந்து, "ஒன்லி இங்கிலிஷ்" என்றேன், நல்ல பிள்ளை மாதிரி. அவ என்னை ஒருமாதிரிப் பார்த்தா. "முன்பும் அப்படியா?" இல்லை, முன்பு தமிழ். "அந்த மொழியில் இப்படி ஒரே மாதிரிச் சத்தம் வருகிற சொற்கள் இருக்கின்றனவா? இவள் அறிந்த சொற்கள்?"

இருக்கின்றனவாவா! கடவுளே, எங்களிடம் இதைக் கேட்கிறாவே என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடதாசியும் பேனையும் வாங்கி வரையத் தொடங்கினேன். மழை, மலை. வால், வாள். புலி, புளி. குளி என்பதற்கு வாளியும் தண்ணியும், குழி என்பதற்கு நிலத்தில் ஒரு பள்ளம். ஊரில் பலர் ழவையும் ளவையும் ஒன்றாகச் சொன்னாலும், எங்கள் வீட்டில் ழ பிசகாது. என் புலி பூனைபோல வந்தது, புளியம்பழம் மண்புழுபோல வந்தது. ஆரணி ஒவ்வொன்றையும் பார்த்து விளங்கிக்கொண்டாள். கிளிக்கு ஒரு கிளி வரைந்தேன். கிழி என்பதை எப்படி வரைவது? ஒரு வெறுங் கடதாசியைப் பக்கத்தில் வைத்தேன். கிளேர் அட்டையை என் கையில் தந்து, வாயை முழுக்க மறைக்கச் சொன்னா. ஒலி அளக்கிற கருவியைப் பார்த்துக்கொண்டு, இன்னும் மெல்ல, இன்னும் மெல்ல என்று கையால் காட்டினா. அந்தப் பஞ்சு அறையில், என் சொந்த மூச்சை விட மெல்லமாக, மாதக்கணக்காக இந்த நாட்டில் பிள்ளையோடு பேசாத தமிழை நான் பேசினேன். மலை. விரல் மலைக்குப் போனது. மழை. மழைக்குப் போனது. வாள். வால். புளி. குழி. குளி. ஒரு சொல்லில்கூட அவள் தயங்கவில்லை. கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை, உதடு இல்லை, முகம் இல்லை. சத்தம் மட்டும்தான். நாக்கு மடிகிற அந்த மயிரிழை வித்தியாசம் என் பிள்ளையின் காதுக்குள் போய்ச் சேருகிறது.

கிளி என்றேன். கிளியைத் தொட்டாள். திரும்பவும் கிளி என்றேன். கிளியைத் தொட்டாள். பிறகு, கிழி என்றேன். ஆரணி வெறுங் கடதாசியைப் பார்த்தாள், கிளேரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கடதாசியைக் கிழித்தால் ஏச்சு விழுமோ என்று யோசித்திருக்கவேண்டும். பிறகு இரண்டு கையாலும் எடுத்துச் சரக்கென்று கிழித்தாள். அந்த அமைதியில் அது வெடிபோலக் கேட்டது. கிளேர் திடுக்கிட்டு, "ஏன் கிழித்தாள்? நீங்கள் கிளியைத்தானே மூன்று தரமும் சொன்னீர்கள்?" என்றா. இல்லை, மூன்றாவது வேறு சொல் என்றேன். சொல்லிக் காட்டச் சொன்னா. சொன்னேன். அவவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. காதுகளையே படித்த மனுசி, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கேட்டா. மழை, மலை. வால், வாள். தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தா. "எனக்கு ஒன்றுமே இல்லை. அவளுக்கு எல்லாம் இருக்கிறது" என்றா. அந்தக் குரலில் இருந்தது, பஞ்சு அறையைப் பார்த்து நான் முதல்நாள் பட்ட அதே ஆச்சரியம்.

பிறகு விளையாட்டுச் சாமான்களை எடுத்துத் தன்னுடைய சொற்களைச் சொன்னா, இந்த முறை எனக்கு. நான் திறப்பைத் தொடவேண்டிய இடத்தில் மரத்தைத் தொட்டேன். ஆட்டுக்குட்டிக்குப் பதிலாக மனிதனைத் தொட்டேன். ஆரணி மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, என் விரலைப் பிடித்துச் சரியான சாமானில் வைத்தாள். என் சொல்லுக்குக் கிளேர் பிழையான படத்தைத் தொட, அவவின் விரலையும் பிடித்து மாற்றி வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் நல்ல காதுள்ள மனுசர்தான். ஆனால் அந்த மேசையில் எல்லாச் சொல்லும் கேட்டவை அவளுடைய இரண்டு காதுகள்தான். "காதில் ஒரு பிழையும் இல்லை" என்று கிளேர் எழுதிக்கொண்டே சொன்னா. "ஆங்கிலத்தில் தடுமாறுவது பழக்கம் இல்லாததால். பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்."

நான் எழும்பவில்லை. கேட்கவேண்டியது இன்னும் கிடந்தது. சொற்களை மனதுக்குள் ஒழுங்குபடுத்தி, "அப்படியென்றால் நான் அவளோடு தமிழ் கதைக்கலாமா?" என்று கேட்டேன். கிளேருக்கு விளங்கவில்லை. மன்னிக்கவும், திரும்பச் சொல்லுங்கள் என்றா. என் உச்சரிப்புத்தான் பிழைத்துவிட்டதாக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லாக, மூச்சு விடவேண்டிய இடத்தில் மூச்சும் விட்டு, திரும்பக் கேட்டேன். அவ பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. சொல் அவவுக்கு முதலே கேட்டிருக்கிறது. கேள்விதான் விளங்கவில்லை. "உங்களை யார் நிறுத்தச் சொன்னது?" என்றா. நான் அழுதுகொண்டு இருந்தேன்.

வெளியே நடைபாதையில், ஆரணியின் கோட்டுக்குப் பொத்தான் பூட்டிவிட முழங்காலில் இருந்தேன். அவள் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, அந்த அன்ரிக்குக் காது கேக்காதோ?"

"ஏன் குஞ்சு?"

"மழை எண்டால் மலையைத் தொடுறா. பாவம்." பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களுக்கும் கொஞ்சம் கேக்காது, என்ன?"

"ஓம் குஞ்சு, எனக்கும் கொஞ்சம் கேக்காது."

"பரவாயில்லை," என்றாள், "நான் கேட்டுச் சொல்லுறன்."